சொல்லாம வாங்கன்னு எழுதிட்டேன்

என் டொமினிக் மாப்ளே,

நீ கண்ணை மூடி ஒரு வருசம் ஆகப்போகுது. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச சாயப்பட்டறை ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. எனக்குத்தான் மூச்சு வாங்குது.

"சுற்றுச்சூழல் மேலாண்மைன்னா செவுத்துல மாட்டுத சர்டிபிகேட் இல்லலே, பழக்கம்"னு உங்க திருநெல்வேலிப் பேச்சுல என்னையத் திட்டித் திட்டி அதை நம்ம கம்பெனிக்குக் கொண்டாந்தவன் நீ. இப்ப வந்து பாரு. நம்ம துணிய வாங்கற கம்பெனிகளுக்காக ஆடிட்டுன்னு சோதனை போடறவங்க மூணு பேரு. ஜெர்மன்காரரு சாயத்துல உப்பைக் குறைக்கச் சொல்றாரு. அமெரிக்காக்காரரு நேர்ல வர்றதே இல்லை, கம்ப்யூட்டர்ல கேள்வியா அனுப்பறாரு. ஜப்பான்காரருக்கு ஆசிட் டிரம் வெக்கிற இடத்துல கோடு போட்டிருக்கோணும். நாட்டுக்கு ஒரு முறை. சாயத்தண்ணி ஒண்ணுதானே?

அவங்களைச் சொல்லி என்ன? ஆடிட்டுன்னா நம்மாளுக, பொண்ணு பார்க்க வர்றாங்கங்கற மாதிரி முந்தின நாள் கழுவி விடறாங்க. பீகார்லருந்து வேலைக்கு வந்த, தமிழ் அரைகுறையாத் தெரிஞ்ச ரமேஷை, டிரம் ஒழுகினா என்ன செய்யோணுங்கறது வரைக்கும் கம்பெனியோட சுற்றுச்சூழல் கொள்கையத் தமிழ்லயே மனப்பாடம் பண்ண வெச்சாரு மேனேஜர். ஜெர்மன்காரரு முன்னால எழுத்துப் பிசகாம ஒப்பிச்சான். எல்லாரும் கை தட்டினாங்க.

அடுத்த வாரமே ஆசிட் டிரம் ஒழுகுச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம வெறுங்கையில துணிய வெச்சுத் துடைச்சிருக்கான். உள்ளங்கை வெந்துபோச்சு. ஆஸ்பத்திரியில, "ஏப்பா, அன்னிக்கு அவ்வளவு நல்லாச் சொன்னியே?"ன்னேன்.

"அது என்னா அர்த்தம் சார்?"ன்னு கேட்டான்.

நேராப் பட்டறைக்கு வந்தேன் மாப்ளே.

மேனேஜர்கிட்டக் கத்தினேன். "அதுதான் சர்டிபிகேட் வந்துருச்சுல்லீங்க"ங்கறாரு! அன்னிக்கே மூணு பேருக்கும் எழுதிட்டேன்: "இனிமே சொல்லாம வாங்க." முன்கூட்டிச் சொல்லாம வர எங்க விதியில இடமில்லைன்னுட்டாரு ஜெர்மன்காரரு. அமெரிக்காவுலருந்து அதுக்கும் நாலு கேள்வி வந்துச்சு. எங்க போய் முட்டிக்கறது?

ஜப்பான்காரரு மட்டும் போன செவ்வாக்கிழமை திடுதிப்புன்னு வந்து நின்னாரு. ஒரு டிரம்முக்கு மூடி இல்லை, ரெண்டு பேரு கையில உறை இல்லை, தரையெல்லாம் சாயத்தண்ணி. குத்தமா அடுக்கிட்டுப் போனாரு. மேனேஜர் முகம் செத்துப்போச்சு. எனக்கு நெஞ்சுல இருந்த பாரம் இறங்குச்சு. நம்ம பட்டறைய அது இருக்கறபடி ஒருத்தராவது பார்த்தாரே!

ரமேஷுக்குக் கை ஆறிட்டு வருது. இப்பெல்லாம் காலையில மெஷினைப் போடறதுக்கு முந்தி, டிரம் ஒழுகினா என்ன செய்யோணும்னு இந்தியிலயே சொல்லி, எல்லாரையும் செஞ்சு பார்க்க வெக்கறோம். யாருமே பார்க்க வராத நாள்லயும் இது நிக்காது மாப்ளே. உன் மேல சத்தியம்.

நீ இல்லாமயும் உன்கூடச் சண்டை போட்டுக்கிட்டிருக்கற
உன் மச்சான்,
பழனிச்சாமி