நீ கட்டிவிட்ட கைப்பட்டை

திரேஸ்புரம்,
மாதப் பூசைக்கு மறுநாள்.

அன்பு மகன் பெனிஸ்டனுக்கு அம்மா எழுதுவது. பனிமய மாதா உன்னையும் ஷெர்லினையும் கண்பார்க்கட்டும்.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவுதான் எழுத வரும்.

அப்பா போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. நேற்று மாதப் பூசை வைத்தோம். அவர் தலையணையில் இன்னும் உப்பு வாடை அடிக்கிறது. உறை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

மருமகள் ஷெர்லின் எல்லாம் சொன்னாள். புரொபசர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாயாம். யாருக்கு எப்போது நெஞ்சுவலி வரும் என்று முன்கூட்டியே சொல்லத்தானே இத்தனை வருசம் படித்தேன், பெற்ற அப்பாவைக் கோட்டை விட்டேனே என்று அழுகிறாயாம். டாக்டர் அப்பாவிடம் இனிமேல் சங்கு குளிக்கப் போகாதே என்றபோது, நீதான் நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கிற அந்தப் பட்டையை அவர் கையில் கட்டிவிட்டாய். கடலுக்குள்ளும் அப்பா நெஞ்சு நிதானமாக இருக்கிறது, போகட்டும் என்றாய். அவருக்கோ ஊரெல்லாம் பெருமை. டீக்கடையில் ஆன்டனி அண்ணாச்சி, "ஏலே, ஒம் மவன் கனடாவுல இருந்து பாக்கான், பீடியக் கீழ போடு" என்று கேலி பண்ணுவாராம்.

அன்றைக்குக் கடலுக்குள் அவர் உயிர் போன பிறகும் உன் கம்ப்யூட்டரில் நெஞ்சு படபடவென்று துடித்துக்கொண்டே இருந்ததாம். செத்தவரை உயிரோடு காட்டுகிற மிஷினைச் செய்துவிட்டேனே என்றாயாம்.

மகனே, அது அப்பா நெஞ்சு இல்லை.

நேற்று மரியான் மாமா கோயில் வாசலோடு நின்றுவிட்டான். கூப்பிடப் போனேன். அவன் கையில் அந்தப் பட்டை. ஏதுலே என்று கேட்டேன். "மச்சான் எறங்கயில எல்லாத்தையும் கழத்தி எங்கிட்டதானக்கா தருவாவ, இதையும் தந்தாவ. தொலஞ்சிரக் கூடாதுன்னு கையில மாட்டிக்கிடுவேன்" என்றான்.

சங்கு குளிப்பவனுக்குப் படகில் இருந்து காற்றுக் குழாய் பிடிப்பது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் என்பது உனக்குத் தெரியும். அக்காள் தாலி அறுக்க விடமாட்டான் என்றுதான் அந்த வழக்கம். மோதிரம், கழுத்தில் போடும் மாதா உத்தரியம் எல்லாம் அவனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்குவார்கள். நீ படகு ஏறி எத்தனையோ வருசம், மறந்துவிட்டாய். எனக்கும் தோன்றவில்லை. அப்பா ஏமாற்ற நினைக்கவில்லை ராசா, கை பழகினபடி செய்திருக்கிறார். கரையில் அவருக்கு ஒன்றுமில்லை. கஷ்டமெல்லாம் தண்ணிக்குள்தான் இருந்திருக்கிறது. அப்போதெல்லாம் நீ பார்த்தது படகில் இருந்த மாமா நெஞ்சை.

கரைக்கு வந்ததும் மாமா பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவானாம். அன்றைக்கு வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவரை மேலே இழுத்து, நெஞ்சை அமுக்கிப் பார்த்து, மடியில் போட்டுக் கதறிக்கொண்டே கரை வந்தானே, அந்த நெஞ்சுதான் அப்படித் துடித்திருக்கிறது. உன் மிஷின் பொய் சொல்லவில்லை.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடு. உனக்குக் கீழே படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

மாமா இப்போது கடலுக்குப் போவதில்லை. சரியாகச் சாப்பாடும் இல்லை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரிக்கு வாலே என்றால், "ஒன் மொகத்தப் பாக்கவே நான் லாயக்கில்லக்கா" என்கிறான். நான் பட்டையைக் கழற்ற விடவில்லை. சார்ஜ் போட்டு அவன் கையிலேயே கட்டிவிட்டேன்.

நீ மூடி வைத்த கம்ப்யூட்டரைத் திறந்து அவன் நெஞ்சைப் பார். எப்படி இருக்கிறது என்று நீயே அவனைக் கூப்பிட்டுச் சொல். உன் வாயால் மாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் சாப்பிடுவான். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான் இருக்கிறான் ஐயா.

உன் அறிவையும் உன் கையையும் ஆண்டவர் காக்கட்டும்.

உன் அம்மா
பிளாரன்ஸ்