எட்வேட்டுக்குச் சொன்ன சமாதானம்

இயேசு மரி சூசை துணை

வங்காலை,
வைகாசி 2016

அன்பு மகன் சாந்தரூபனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் தர்ஷிகாவும் பிள்ளையும் கனடாக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ அங்கே சாப்பிடமாட்டாய், ஆகையால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். அப்பா எழும்பி முற்றத்தில் நடக்கிறார், படலைவரை போனால் மூச்சு வாங்குகிறது. இருதய ஒப்பரேஷனைப் பிந்தவிட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் முறை வரும்வரை அவருடைய இருதயம் பொறுக்க வேண்டுமே.

எனக்கும் ஒரு இன்சூரன்ஸ் பொலிசி எடுக்கச் சொல்லிப் போனில் கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்தபடியால் பதில் சொல்லவில்லை. எனக்கு வேண்டாம் மகன். இல்லாதவனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி, உள்ளவனுக்குக் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி, எங்களைப்போன்ற இரண்டுங்கெட்டான்களின் தலையில்தான் பொலிசியைக் கட்டுகிறார்கள். அப்பா மீன்பிடிச் சங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தபடியால் எந்த நிவாரணத்திலும் எங்கள் பெயர் இல்லை, அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கவும் ஏலவில்லை. சமைக்கிற குசினிக்கு ஓடு போடாமல், என் தோட்டை அடைவு வைத்துத்தான் அவருடைய பொலிசிக்குத் தவணை கட்டினோம். அறுபது தாண்டியவர்களிடம் இன்னும் கூட்டித்தான் கேட்பார்கள், வயது போனால் நோய் வருத்தம் வரும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன. நீ எனக்கென்று ஒதுக்கும் காசை உன் பிள்ளைக்கு வை.

கட்டிய பொலிசிக்கு என்ன நடந்தது என்று கேட்பாய். அதைக் கெடுத்தவன் வேறு யாருமில்லை, உன் எட்வேட் மாமா, என் சின்னம்மாவின் மகன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். இந்தியாவில் அகதியாய் இருந்த மண்டபம் முகாமில் அப்பாவுக்கு நெஞ்சு குத்தியபோது அவன்தான் தாங்கிப் பிடித்து முகாம் டொக்டரிடம் கொண்டுபோனான். டொக்டர் வாயு என்று சொல்லிக் குளிசை தந்ததையும் பக்கத்தில் நின்று கேட்டவன். நான் பயத்தில் மடு மாதாவுக்கு நேர்ந்துவிட்டேன். ஊர் திரும்பியதும் மடுக் கோயில் ஆவணித் திருவிழாவுக்குப் போய், கொட்டில் போட்டுத் தங்கி நேர்த்தியை நிறைவேற்றினோம். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. சனத்துக்கு முன்னால் சாட்சியம் சொல்ல எழும்பியவர், வெறும் வாயுவுக்கு மாதாவைக் கூப்பிட்டோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, இருதயம் நின்றுபோய் மாதாவின் புதுமையால் திரும்ப அடித்தது என்று சொல்லிவிட்டார். கேட்ட சனம் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டது. நீயும் உங்கள் செபக்கூட்டத்தில் மூக்கு ஒழுகும் தடிமனைப் பெருப்பித்துச் சொல்லிவிடாதே.

அதற்குப் பிறகுதான் எட்வேட் இன்சூரன்ஸ் ஏஜெண்டாகி எங்களிடம் வந்தான். முன்பு இருதய வருத்தம் இருந்ததா என்ற கேள்விக்கு, அத்தானுக்கு வந்தது வாயு எல்லோ அக்கா, நான்தானே கூட்டிக்கொண்டு போனனான் என்று சிரித்துக்கொண்டு இல்லை என்று போட்டான். இப்போது உண்மையாகவே அடைப்பு வந்து நாங்கள் காசு கேட்டதும் கம்பனிக்காரர் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பெரிய தொகை போனால் தன் பதவி உயர்வு போய்விடும் என்று பயந்து, அத்தான் மடுவில் சொன்ன சாட்சியத்தை அங்கே ஒப்புவித்துவிட்டான். பழைய வருத்தத்தை மறைத்தோம் என்று எங்களைத் தள்ளிவிட்டார்கள். தவணை வாங்கும்போது வாயு, காசு கொடுக்கும்போது இருதயம். மாதாவுக்குச் சொன்ன நன்றியைக் கொண்டுபோய் விற்றவனை நான் எப்படி விடுவேன்.

விடவில்லை. ஊரில் ஒரு வீடு மிச்சமில்லாமல் சொன்னேன். பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரம் அவன் முன்னால் இருக்கும் வாங்கிலிருந்து என் பக்கம் திரும்புவான், நான் பீடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். முதலில் நான் மட்டும், பிறகு என் வாங்கில் இருந்த சனம் முழுவதும், தவக்காலம் தொடங்கியபோது அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடரிகள்தான். சனம் அவனிடம் தவணை கட்டுவதையும் நிறுத்திவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, அந்த நாட்களில்தான் நன்றாக நித்திரை வந்தது. பங்குச் சுவாமி கூப்பிட்டு, பகையை வைச்சுக்கொண்டு நற்கருணை வாங்கக்கூடாது பிள்ளை என்றார். அப்ப நான் நற்கருணை வாங்கிறேல்லை சுவாமி என்றேன்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முன்னம் எட்வேட் வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருக்கச் சொல்லவில்லை, வாசலில் நின்றே கதைத்தான். முகாம் டொக்டர் வாயு எண்டுதான் சொன்னவர், என்ர காதால கேட்டனான் எண்டு கம்பனிக்கு எழுதித் தாறன் அக்கா, நீங்கள் பாஸ்குப் பூசையில சனம் பாக்க எனக்குச் சமாதானம் சொல்லுங்கோ, என்ர பிழைப்புப் போச்சுது என்றான். நடந்த உண்மையைச் சொல்லவும் விலை கேட்கிறான் பார். அடுப்பில் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றியிருப்பேன். உள்ளே அப்பா இருமினார், அதனால் சரி என்றேன்.

பாஸ்கு அன்று சொன்னேன். கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கைகூப்பி, கடைசி வாங்குக்கும் கேட்கச் சமாதானம் என்றேன். வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் நற்கருணைக்கு எழும்பவில்லை, பொய்ச் சமாதானத்தோடு அதை வாங்க எனக்குப் பயம். அவன் சொன்னபடி எழுதிக் கொடுத்தான், கம்பனியும் திரும்ப விசாரித்து நேற்று ஒத்துக்கொண்டது, வருகிற மாதம் கொழும்பில் ஒப்பரேஷன். அப்பா நல்லபடி வீடு வந்து சேர்ந்த அடுத்த ஞாயிறு நான் பழையபடி பீடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மாதா கேட்டால் அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன்.

மாதா உங்கள் மூவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், பேரப்பிள்ளைக்கு என் முத்தம். ஒன்றை மறக்காதே, அப்பாவோடு கதைக்கும்போது இதை வாய்விடாதே. அவர் அந்தச் சமாதானத்தை உண்மை என்றே நம்பியிருக்கிறார். எட்வேட் வந்தால் கட்டிலில் எழும்பி இருந்து என்னைக் கூப்பிட்டு, இஞ்சரும், தம்பி வந்திருக்கிறான், தேத்தண்ணி போடும் என்கிறார். நானும் போட்டுக் கொடுக்கிறேன். அக்காவின் கையால் திரும்பக் குடிக்கக் கிடைத்ததே என்று எட்வேட் கண் கலங்குகிறான். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை மகன்.

உன்மேல் உயிரான அம்மா,
மேரி ரோஸ் லோறன்ஸ்