மந்திரிக்காத கெபி

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
12.9.1999

அன்பு மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. குவைத்தில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று மாதாவைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான், மனசு வரவில்லை அப்பு.

நீ ஆசைப்பட்டபடி வாசலில் மாதாவுக்குக் குகை போலக் கெபி கட்டி முடித்தாயிற்று. மாதா சுரூபமும் வந்துவிட்டது, நீலச் சால்வையோடு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மாதா பிறந்தநாளன்று தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தார், தெருவே கூடி நின்றது. நான்தான் படியில் நின்று மறித்துவிட்டேன். "சாமி, என் மகன் பொண்டாட்டியத் தெருவுல விட்டுட்டு மாதாவுக்கு வீடு கட்டியிருக்கான். இத மந்திரிக்காதீங்க" என்றேன். அவர், மகன் வரட்டும் என்று சொல்லிவிட்டுத் தீர்த்தச் செம்போடு திரும்பிப் போய்விட்டார். உன் மானத்தை வாங்கிவிட்டேன் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

வேலை முடிந்து வந்த மில் பஸ் வேடசந்தூரிலேயே நின்றுபோன அன்று, வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை அழுமே என்று என் மருமகள் செல்வி தவித்திருக்கிறாள். மில் மேஸ்திரி பொன்னுத்துரை தன் வண்டியில் கூட்டிவந்து இறக்கிவிட்டார். வாசலில் நான்தான் நின்றேன், அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததும் நான்தான். நடந்தது அம்புட்டுத்தான். உன் கூட்டாளி எவனோ அதை வேறு மாதிரி சொல்ல, நீ நம்பிவிட்டாய். கண்ணால் கண்ட நான் எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவில்லை, அவளைத் தாய் வீட்டுக்கு, ஆயக்குடிக்கே அனுப்பிவிடு என்று ஒரே பிடியாக நிற்கிறாய். அதே வாயால் தினமும் நூற்றைம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்கிறேன், சனிக்கிழமை ஒருசந்தி விரதம் இருக்கிறேன் என்கிறாய். அந்த ஜெபத்தில் உன் மனைவி பெயர் ஒரு தடவையாவது வருகிறதா?

போன மாதம் பக்கத்து வீட்டுப் பக்ருதீன் அண்ணன் வீட்டுக்கு நீ போன் போட்டபோது, எனக்கு முன்னால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. "சாப்ட்டேங்க. பாப்பாவுக்குப் பல்லு வந்துருச்சு. நீங்க உடம்பப் பாத்துக்கங்க" என்று பேசிக்கொண்டே நின்றாள், அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். பிறகு சோறு அவளுக்கு இறங்கவில்லை, பால் வற்றிவிட்டது. கோயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள். அவள் கிணற்றடிக்குப் போனால் நானும் பின்னாலேயே ஓடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஆல்வின், பெற்ற தாய் உன் காலில் விழுந்து கேட்கிறதாக நினைத்துக்கொள்.

நாளை அவள் அண்ணன் சூசைமுத்து கூட்டிப்போக வருகிறான். நான் தடுக்கப் போவதில்லை, வேண்டாம் என்றவன் வீட்டில் அவள் எதற்குக் காய்ந்து கிடக்க வேண்டும். ஆனால் தனியாக அனுப்பவும் மாட்டேன், நானும் போகிறேன். ஊர் உங்களைத்தான் அத்தை பேசும் என்று அழுதாள். பேசட்டும். அங்கே கொய்யாத் தோப்பில் காய் பறிக்க ஆள் வேண்டுமாம், எனக்கு இன்னும் கை கால் ஓடுகிறது.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலை பார்க்காதே. ஜெபத்தை விடச் சொல்லவில்லை மகனே, அதோடு லீவும் கேட்டுக்கொண்டு வந்து சேர். ஆண்டவர் உன்னைக் காப்பாற்றி உனக்கு நல்ல மனசைத் தரட்டும். மறந்துவிடாதே, இனி இந்த விலாசத்துக்கு எழுதினால் வீடு பூட்டிக் கிடக்கும். திருமதி அறிவுச்செல்வி ஆல்வின், ஆயக்குடி என்று உன் கையால் உறையின் மேல் எழுது. அவள் பெயர் இல்லாமல் வருகிற கடிதத்தை நான் வாங்க மாட்டேன்.

உன் தாய்,
இன்னாசியம்மாள்