சாக்ஸுக்குள் இருந்த மீட்டர்

செல்போன் டவர் மேல் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, தரையில் இருக்கும் நான் எழுதுவது.

நான் நலம். ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. உள்ளே இருப்பது ஓயாமல் உதைக்கிறது. உங்கள் பிள்ளை, வேறு எப்படி இருக்கும்? கண்ணாடிக் கடைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். லென்ஸ் தேய்க்க வசதியாக முதலாளி எனக்கு முதுகு சாயும் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதோடு, இந்தப் பார்சலில் வரும் பொருளைப் போனில் அனுப்ப முடியாதே.

போன மாதம் மாடி வீட்டு டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். வைஃபை அலை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். அவர் சொன்னபடி வைஃபை பெட்டியை அலுமினியத் தாளில் சுற்றினேன். மறுநாள் அவரே இறங்கி வந்து, ஏம்மா, நெட்டு வரவே மாட்டேங்குதே என்றார். இத்தனை நாளும் நம் நெட்டில்தான் சீரியல் பார்த்திருக்கிறார்! தாளைப் பிரித்தேன். பெட்டியைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினேன். படுக்கப் போகும்போது அணைத்துவிடுகிறேன். போனைத் தலையணைக்கடியில் வைப்பதில்லை, பேசுவதும் ஸ்பீக்கரில்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

அப்போதுதான் துணி மடிக்கையில் உங்கள் சாக்ஸ் உருண்டைக்குள் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. வேலையில் சேர்ந்த அன்று சட்டையில் மாட்டிக் காட்டினீர்களே, அலை அளவு மீறினால் கத்தும் மீட்டர், அதுதான். பேட்டரி தனியாகக் கிடந்தது. பழசு போல, புதிது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பேட்டரியைப் போட்டு வீடு முழுக்கக் காட்டினேன். பெட்டி, போன், டிவி, எதற்கும் அது வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையோடு அதை டாக்டரம்மாவிடம் எடுத்துப் போனேன். வீட்டில் இருக்கும் அளவால் பிள்ளைக்குக் கெடுதல் என்று யாரும் நிரூபிக்கவில்லை, தள்ளி வைத்தால் நிம்மதி என்றால் வைத்துக்கொள் என்றார். பிறகு உங்கள் டவர் வேலையைக் கேட்டுக்கொண்டு, மீட்டரைப் புரட்டிப் பார்த்தார். ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவுக்கு நேர் முன்னால் நிற்பவர் கதை வேறு, அந்த அலை உடம்பையே சூடாக்கிவிடும் என்றார். அப்புறம் கேட்டார்: இது இங்க இருக்குதே, அவரு சட்டையில என்னம்மா இருக்கு?

போன லீவில் நீங்கள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மீட்டர் கத்தினால் இறங்கி வரவேண்டும், கீழே இருப்பவர் ஆன்டெனாவை நிறுத்தும்வரை காத்திருக்கவேண்டும், அரை நாள் போய்விடும் என்று அலுத்துக்கொண்டீர்கள். அதற்காகப் பேட்டரியையே கழற்றிவிட்டீர்களா? பத்தடி தள்ளியிருக்கும் பெட்டிக்கு நான் பயந்து செத்தேன். நீங்கள் ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது, மறைப்பானேன். என் கடையில் கண்கவசம் இல்லாமல் மிஷினைத் தொட்டால் முதலாளி வெளியே போகச் சொல்லிவிடுவார். உங்கள் முதலாளி சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். ஆன்டெனாவை நிறுத்தியாச்சு என்று கீழே இருப்பவர் வாயால் கேட்காமல் ஏணியில் கால் வைக்காதீர்கள். நிறுத்திவிட்டு ஏறினால் மீட்டர் ஏன் கத்தப்போகிறது?

மீட்டரைத் துடைத்து, புதுப் பேட்டரி போட்டு, மூடியை டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். சட்டையில் மாட்டி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் சொன்னால் நீங்கள் கேட்பீர்கள், எனக்குத் தெரியும்.

கத்துகிறது என்று இதைக் கழற்றாதீர்கள். இன்னும் மூன்று மாதத்தில் வீட்டில் ஒன்று கத்தப்போகிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. தூக்கி வைத்துக்கொள்ள நீங்கள்தான் வேண்டும்.

நல்லபடியாக ஏறி, நல்லபடியாக இறங்குங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
நாங்கள் இருவரும்.