சிக்னலில் அணைகிற வண்டி

20 டிசம்பர் 2015, ஞாயிறு

மழை விட்டு நல்ல வெயில். துணியில் இன்னும் ஈர வாடை. எட்டாம் மாதம். கால் வீக்கம் காலையில் கொஞ்சம் குறைவு.

கார் பார்க்கப் போனோம். என்னோடு என் கணவர் முத்து, அவருடைய ஒரகடம் கம்பெனியின் எஞ்சின் டெஸ்ட் ஆட்கள் மூன்று பேர். பெண் பார்க்கப் போகிற கூட்டம் மாதிரிதான். பானெட்டைத் திறந்துவைத்து நான்கு ஆண்களும் கண்ணை மூடிச் சத்தம் கேட்டார்கள். ஒருவர்கூட உள்ளே ஏறி உட்காரவில்லை.

பழைய பெட்ரோல் கார். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணையுமாம், கிளட்சை மிதித்தால் தானாக எழுமாம். புரோக்கர்: "பாதி ஹைபிரிட் சார். கிருஷ்ணகிரி வண்டி. இந்த மழையவே பாக்கல."

அணையும் என்றதும் நான் இரண்டடி பின்வாங்கினேன். இரண்டு வருடம் முன்பு, வலி எடுத்துப் போன ஆட்டோ தேங்கிய தண்ணீரில் அணைந்துதான் போனது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது குழந்தை இல்லை. பெண். பெயர் வைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கார். அதுவும் அணைகிற கார்.

முத்துவிடம் பயத்தைச் சொன்னேன். "ஏட்டி, அது நிக்கது இல்ல, தூங்குது. மிதிச்சா முழிச்சிரும்லா" என்றார். தூத்துக்குடிக்காரருக்கு எல்லாமே சுலபம். அட்வான்ஸ் கொடுத்தாச்சு. பேப்பர் மாறும்வரை ஓட்டிப் பார்க்க வண்டி நம்மிடம்.

22 டிச., செவ்வாய்

மேகமூட்டம். துவைக்க: குழந்தைத் துணி, பழைய புடவை. அம்மாவுக்கு போன். மறந்தாச்சு.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து செக்கப்புக்கு ஸ்ரீபெரும்புதூர் கூட்டிப் போனார். சிக்னலில் எஞ்சின் அணைந்தது. அந்த அமைதியில், ஆட்டோ தார்ப்பாய் மேல் மழை விழுகிற சத்தம் கேட்டது எனக்கு. வெளியே மழை இல்லை.

பிறகு எழுந்தது. எல்லா சிக்னலிலும் எழுந்தது. ஆனாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

லீவில் இருந்தாலும் கார் சீட் தைக்கும் லைனில் வேலை பார்த்த கை சும்மா இருக்காது. சீட் உறை புதுசு, உள்ளே ஃபோம் கட்டிதட்டிக் கிடக்கிறது. சீட் நகரும் தடத்துக்குள் விரலை விட்டேன். மாவு போல வண்டல். கிருஷ்ணகிரியில் ஏது வெள்ளம்? செம்பரம்பாக்கம் ஏரி திறந்த தண்ணீரில் மூழ்கிய வண்டி இது.

"எஞ்சின் நல்லாருக்குல்லா. சீட்ட மாத்திக்கலாம்" என்று முத்து எரிந்து விழுந்தார். வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "யார் வண்டியோ, உள்ள இருந்தவங்க இன்னா ஆனாங்களோ. புள்ளத்தாச்சி அதுல போவலாமா?" அதற்குப் பிறகு பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கவே பயம்.

24 டிச., வியாழன்

ஸ்கேனுக்குப் போகும் வழி. ஸ்ரீபெரும்புதூர் சிக்னல். அணைந்தது.

பச்சை விழுந்தது. கிளட்சை மிதித்தார். இல்லை. சாவியைத் திருகினார். டிக், டிக். அவ்வளவுதான். பின்னால் ஒரே ஹாரன். முத்து ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அன்னைக்கும் இப்டித்தான், செல்வி."

இரண்டு வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. "ஒவ்வொரு சிக்னல்லயும் மூச்சப் புடிச்சுக்கிட்டுதான் ஓட்டுனேன். ஒங்கிட்ட சொல்லல." நான் மட்டும்தான் பயந்தேன் என்று நினைத்து, மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்.

பின்னால் நின்ற ஏதோ கம்பெனி பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். "அக்கா, நீ எறங்காத. நாங்க தள்ளிக்கினு போறோம்." முத்துவின் கையைப் பிடித்து ஸ்டியரிங்கில் வைத்தேன்.

27 டிச., ஞாயிறு

வெயில். வண்டியைப் புரோக்கர் எடுத்துப் போய்விட்டான். கழுவி வேறு யாருக்காவது காட்டுவான். நினைத்தாலே பதறுகிறது.

வேறு கார் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின் சந்தில் ஒரு ரூம். பிரசவம் வரை இங்கேதான். கொண்டுவந்தது: பாய், ஸ்டவ், குழந்தைத் துணி, அரிசி மூட்டை.

சாயங்காலம் முத்துவைக் காணோம். மூட்டையையும் காணோம். வாசலில் போய் நின்றேன். அரிசி மூட்டையை, என்னைத் தூக்கிப் போவதுபோல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திரும்பி வருகிறார். சட்டையெல்லாம் வேர்வை. தெருவே பார்த்துச் சிரிக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியில் எங்கேயாவது நின்றீர்களா என்று மட்டும் கேட்டேன்.