மூன்று அழைப்பும் ஒரு பப்பாளியும்

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், போன மாதம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயும் இப்போது நலம், மாடி வீட்டுத் தையல்காரருக்குப் பேத்தி பிறந்து அவரும் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருக்கிறார். அங்கே நீயும் சளி, இருமல் என்று எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு இப்போது எதற்குக் காகிதமும் தபால்தலையும் என்று நினைப்பாய். போனில் நீ "அப்புறம் சொல்லுங்கப்பா" என்றதும் எனக்கு அப்புறமும் வராது, சொல்லவும் வராது. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், உட்கார்ந்து படி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காதே.

முதலில் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. ஆறு மாதத்துக்கு முன் ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறைக்கு ஏறுகிற இரும்பு ஏணியில் எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஏணி நேராகத்தான் நின்றது, கட்டடம்தான் சாய்ந்தது. கீழே நின்ற உன் நெட்டை மாமா என் பெல்ட்டைப் பிடித்து இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்த வீட்டிலிருந்து உனக்கு வேறு யாராவது கடிதம் எழுதியிருப்பார்கள். பதினெட்டு வருடமாக என்னோடு வேலைக்கு வருகிற அந்த ஆளுக்கு அவ்வளவு உயரம் எதற்கு என்று நீ சின்ன வயதில் கேட்பாயே, இதற்குத்தான். கம்பெனி டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மெஷினில்தான் கோளாறு என்று வேறொன்று கொண்டுவரச் சொன்னார், அதுவும் அதையே சொன்னது. சர்க்கரையும் கொழுப்பும்கூட ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஏறியிருந்தன. மாத்திரை எழுதிக் கொடுத்து, எல்லாம் இறங்கும்வரை ஏணி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருடம் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கியவனைப் புகார் எழுதுகிற மேசையில் உட்கார வைத்தார்கள். லிஃப்ட் வரவில்லை என்று அழைப்பவர்களிடம், ஆள் கிளம்பியாகிவிட்டது என்று பொய் சொல்வதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. அது எனக்கு நன்றாகவே வந்தது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டாக்டர் என்னை ஒரு உணவு ஆலோசகரிடம் அனுப்பினார், உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஒரு வாரம் சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள், நானும் ஒழுங்காக எழுதிப் போனேன். அவள் சத்தமாகப் படித்தாள், டீ, பன், டீ, பிஸ்கட், பொரித்த பாக்கெட், டீ, பன். படித்துவிட்டு, "சார், இது சாப்பாட்டு நோட்டா, பஸ் டைம்டேபிளா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அடுத்து, "சரி, உங்களுக்குப் பிடிச்ச பழம் எது?" என்றாள். வாலு, ஐம்பத்தொன்பது வயது ஆளுக்குப் பிடித்த பழம் எது என்று தெரியவில்லை. அம்மா இருந்தவரை நான் பேப்பர் படிக்கும்போது நறுக்கிய பழத்தை முள்கரண்டியில் குத்தி நீட்டுவாள், நான் தலையைத் தூக்காமல் வாயைத் திறப்பேன். என்ன பழம் என்றுகூடப் பார்த்ததில்லை. அவள் போன பிறகு இந்த நாலு வருடத்தில் இந்த வீட்டுக்குள் ஒரு பழம் வரவில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் எதையும் நோண்டிக் கேட்கவில்லை, தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று திரும்பி வரும் வழியில் ஒரு பப்பாளி வாங்கினேன். நறுக்கத் தெரியாமல் நறுக்கி, விதையைச் சிங்க் முழுக்கக் கொட்டி, நின்றபடியே அரைப் பழம் சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட அழுகை வந்தது, நிறுத்தாமல் சாப்பிட்டேன், நிறுத்தாமல் அழுதேன். பப்பாளி எனக்குப் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த ஆலோசகப் பெண் சொன்னது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மண்ணில் விளைந்ததை அதன் உருவம் தெரிகிற மாதிரி சாப்பிடுங்கள் என்றாள். தீட்டாத அரிசி, பயறு, கீரை, காய், பழம், ஒரு கைப்பிடி கொட்டைகள், அவ்வளவுதான். கேட்க எளிது. முதல் நாள் நான் கொண்டைக்கடலையை ஒரு கிலோ பாக்கெட் முழுவதும் ஊறப்போட்டேன், காலையில் அது பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிட்டு மேடை எல்லாம் உருண்டு கிடந்தது. ஆறு நாள் அதையே சாப்பிட்டேன். அந்த ஆறு நாளில் ஒரு நாள், வயிறு நிறையக் காற்றோடு, நெட்டை மாமாவோடு லிஃப்ட்டில் போக நேர்ந்தது. மூன்றாவது மாடியிலேயே அவர் இறங்கிக்கொண்டு, "அண்ணே, நீங்க போங்க, நான் படியில வரேன், எனக்கும் உடம்பு முக்கியம்" என்றார். கீரையில் மண் இருக்கும், நாலு தண்ணீர் கழுவ வேண்டும் என்பது கடித்த பிறகுதான் தெரிந்தது. பீட்ரூட் நறுக்கிய கையோடு கதவைத் திறந்து தையல்காரரைப் பதற வைத்தேன். ஆனால் மெல்ல மெல்லக் கை பழகிவிட்டது. பூசணித் துண்டுகளும் பயறும் பூண்டும் போட்டுக் குழைய வேகவைத்தால் வீடே மணக்கிறது. மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ஒரு ஸ்பூனுக்கு வந்து, இப்போது அதுவும் இல்லை. நாலு மாதத்தில் எட்டு கிலோ குறைந்தது, அழுத்தம் இறங்கியது, டாக்டர் இரண்டு மாத்திரையில் ஒன்றை நிறுத்தினார், இன்னொன்று இருக்கட்டும் என்றார். திரும்ப ஏணி ஏறவும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

உடம்பு இலகுவானதும் உள்ளே இருந்த பாரம் தனியாகத் தெரிய ஆரம்பித்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன். போன மாதம் நீ போனில் பேசும்போது அம்மா பேச்சு வந்து, எப்போதும் சொல்வது போலச் சொன்னாய், "கடைசியில நீங்க பக்கத்துல இருந்தீங்களேப்பா, எனக்கு அது போதும்" என்று. நான் அப்போது சிக்னல் இல்லை என்று போனை வைத்தேன். சிக்னல் இருந்தது கண்ணு. அம்மாவுக்கு நெஞ்சு வலித்தபோது நான் பக்கத்தில் இல்லை. ஒரு பதினோரு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள், நான் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், என் போன் வெளியே கருவிப் பைக்குள் இருந்தது. பதினொன்று பத்திலிருந்து பதினொன்றரைக்குள் அம்மா மூன்று தடவை அழைத்திருக்கிறாள். நான் எடுக்கவில்லை என்றதும் அவளே எழுந்து போய்த் தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள், அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி ஆகிவிட்டது. ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது நிஜம். ஒரு தடவை கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்து, "கையக் கழுவக் கூடாதா, ஒரே கிரீஸு" என்றாள், அதுவும் நிஜம். அவள் கடைசியாகப் பேசியது அதுதான். நீ விமானம் ஏறி வந்து இறங்கி என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, பக்கத்தில்தான் இருந்தேன், வலியே தெரியாமல் போய்விட்டாள் என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திரும்ப எடுக்கத் தைரியம் வரவில்லை. நீ அதைப் போதும் போதும் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. பன்னும் டீயும் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட எனக்கு யோக்கியதை இல்லை என்று எனக்கு நானே போட்ட தண்டனை அது.

ஏணி ஏறச் சீட்டு கிடைத்த முதல் வாரமே அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்திலிருந்து புகார் வந்தது. நாலு வருடமாக அந்த முகவரி வந்தால் வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன், இந்தத் தடவை வேறு ஆள் இல்லை. நானும் நெட்டை மாமாவும் போனோம், கதவு உருளை தேய்ந்திருந்தது, மாற்றினோம். மேலே மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, எப்படி வந்தது என்று தெரியாது, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன், மூன்று அழைப்பு, நான் உன்னிடம் சொன்ன பொய், எல்லாம். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தன் டப்பாவை மூடிவைத்துவிட்டு, "அண்ணே, அன்னைக்குப் போன் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு" என்றார். என் பை ஏழாவது மாடியில் அவர் காலடியில் இருந்திருக்கிறது. "ரெண்டாவது தடவை எடுத்தும் பார்த்தேன், வீடுன்னு போட்டிருந்துச்சு. நீங்க கூண்டு மேல நிக்கிறீங்க, கூப்பிட்டா கவனம் மாறி கை மாட்டிக்கும்னு விட்டுட்டேன். முடிச்சதும் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், உன்னிடம் மறைக்கமாட்டேன். டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அப்போதுதான் சரிசெய்த லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது, நான் படியில் இறங்குகிறேன். நாலாவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபோதுதான் யோசிக்க முடிந்தது. இந்த நாலு வருடமும் சனிக்கிழமை தவறாமல் அந்த மனுஷன் ஸ்பேனர் வேண்டும், டார்ச் வேண்டும் என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார், லிஃப்ட் வேலை பார்க்கிறவருக்கு ஸ்பேனருக்கா பஞ்சம். ஒரே கல்லை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மற்றவனுக்குத் தெரியக்கூடாது என்று தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம். கொஞ்ச நேரத்தில் அவரும் படியிலேயே இறங்கி வந்து எனக்கு மேல் படியில் உட்கார்ந்தார். என் டப்பா அவர் கையில். "பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்துட்டீங்க" என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன் என்று சொன்னேன், சொல்லும்போதே அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவு உயரமான ஆள் மடங்கி, முழங்காலில் முகத்தை வைத்து அழுததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகு இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து பயறும் சோறும் சாப்பிட்டு முடித்தோம். மேலே ஏறிய ஒரு அம்மா, லிஃப்ட் மறுபடி கெட்டுப்போச்சா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த அழைப்பை எடுத்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. பதில் இல்லாமலே அதைக் கீழே வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், சில நாள் முடிகிறது, சில நாள் திரும்பப் போய் எடுத்துக்கொள்கிறேன். கடலையும் கீரையும் துக்கத்தைத் தீர்த்துவிட்டன என்று நான் சொல்லவரவில்லை. தெம்பு இல்லாத உடம்பில் இருந்துகொண்டு இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன், அது மட்டும் தெரியும்.

உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நீ பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்க அல்ல. போன வாரம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, "வயித்துக்கு ஏதோ போட்டா போச்சுப்பா" என்றாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும் வாலு, நாலு வருடம் நான் பேசிய குரல் அது. நீயும் உன்னை எதற்கோ தண்டித்துக்கொண்டிருக்கிறாயோ என்று அன்றிலிருந்து எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முன்கூட்டியே வந்திருக்கலாம் என்றா, அந்த வாரம் அம்மாவோடு பேசாமல் விட்டுவிட்டோம் என்றா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அப்பாவிடம் எழுது. என் மேல் கோபம் வரும், வரட்டும், அது எனக்குச் சேர வேண்டியதுதான். மூன்று ஞாயிறு போன் எடுக்காவிட்டாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன். ஒரு வயிறு நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அப்புறம் கோபப்படு, பசியோடு கோபப்பட்டால் உடம்புதான் கெடும்.

உன் குளிர்கோட்டின் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருப்பதை வீடியோவில் பார்த்தேன், அது விழுந்து தொலைவதற்குள் தைத்துவிடு. எங்கே இருந்தாலும் உடம்பில் தெம்போடும் மனசில் பயமில்லாமலும் நீ இருக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்திதான். எனக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, படத்தில் திருடன் மாதிரி இருக்கிறேன், ஆனால் செல்லுமாம். என்னை நேரில் வைத்துத் திட்ட வேண்டும் போல இருந்தால் ஒரு வார்த்தை சொல், புறப்பட்டு வருகிறேன். உன் வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று சொன்னாய். பரவாயில்லை, ஏறிவிடுவேன்.

என்றும் உன் அன்புள்ள,
அப்பா