பொதுத்தாளில் ஒரு சொந்தக் கேள்வி

12.10.1979, வெள்ளி

எங்கள் ஐந்து ஆசிரியர்களிடையே சுற்றிவரும் கடிதம் இன்று ஹட்டனிலிருந்து எனக்கு வந்தது. அதில் பாடம் நடத்துவதைப் பற்றி மட்டுமே எழுதவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. உடப்புசல்லாவைப் பள்ளியில் இருக்கும் அந்தோனி, எங்களில் ஒருவரான முருகேசுக்குத் தனியாக எழுதவேண்டியதை எல்லோரும் படிக்கும் இந்தப் பொதுத்தாளிலேயே எழுதிவிட்டார்: "ரோசலின் டீச்சரைக் கட்டிக்க ஆசையா இருக்கு. எப்படிக் கேக்கிறது, முருகேசு?"

ரோசலின் நான்தான்.

அதன் கீழே முருகேசு, "இந்தத் தாளு அவங்ககிட்டயும் போகுமேய்யா!" என்று எழுதியிருந்தார். மற்ற இருவரும் வாழ்த்தே சொல்லிவிட்டார்கள். அக்கா பிடுங்கிப் படித்துவிட்டு, "நல்ல மனுஷன்டி. என்ன சொல்லப் போறே?" என்றாள். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தேன்.

பொதுத்தாளில் பின்னக் கணக்கைப் பற்றி மட்டும் எழுதினேன். அந்தோனிக்குத் தனி உறையில் இரண்டே வரி: "சொந்த விஷயத்தைத் தனியா எழுதணுங்க. இருபத்தொண்ணாந்தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேளுங்க."

நாளைக் காலையில் அதைத் தபாலில் போடும்வரை தூக்கம் வருமா, தெரியவில்லை.